டோக்கியோவில் ஒரு பட்டுக்கூடு

போன சித்திரையில நானும் வீட்டுக்காரம்மாவும் பொண்ணைப் பார்க்க டோக்கியோ போயிட்டு வந்தோமுங்க. வந்ததுல இருந்து ஊர்ல பாக்கறவங்க எல்லாம், புல்லட் ரயில்ல போனீங்களா, பச்சை மீன் திங்கச் சொன்னாங்களான்னுதான் கேக்கறாங்க. ரயில்ல போனோம். மீன் திங்கலை. ஆனா என் மனசுல நின்னு போனது ரெண்டும் இல்லை, ஒரு கட்டடம். ஐம்பது மாடி. பட்டுக்கூட்டை நட்டமா நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கும்.

இருபது வருசத்துக்கு மேல பட்டுப்புழு வளர்க்கிறவன் நான். அந்தக் கட்டடத்துக்குக் கீழ நின்னு அண்ணாந்து பார்த்தப்ப எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும்னா, முதல்ல எங்க பொழப்பைக் கொஞ்சம் சொல்லணும்.

உடுமலைப் பக்கம் எங்க தோட்டம். ரெண்டு ஏக்கர் மல்பெரி, அம்பதடி நீளத்துல ஒரு புழு மனை. ஒரு பேட்ச்சுக்கு 200 முட்டை எடுப்போம். முட்டைன்னா கோழி முட்டை மாதிரி ஒண்ணு ரெண்டு இல்லீங்க. ஒரு தாய்ப்பூச்சி இடற மொத்த முட்டையும் சேர்ந்துதான் எங்க கணக்குல ஒரு முட்டை. அதுல இருந்து நானூறு, ஐந்நூறு புழு வரும். 200 முட்டைன்னா ஒரு லட்சத்துக்குக் கிட்ட உசுரு. இளம்புழு மையத்துல ரெண்டு தடவை தோல் உரிச்ச புழுவா வாங்கிட்டு வந்து, நாங்க இன்னும் ரெண்டு தோலுரிப்பு பார்த்து, கூடு கட்ட வைக்கணும். கடைசி ஏழெட்டு நாள்ல அதுங்க திங்கிற தழைதான் மொத்தத் தீனியில முக்காலுக்கு மேல. ராத்திரி புழு மனைக்குள்ள போனா, ஓட்டு மேல மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும். மழை இருக்காது. ஒரு லட்சம் வாய் தழை மெல்லற சத்தம் அது.

அந்த நாள்ல கல்யாணமோ எழவோ, வீட்ல ரெண்டு பேரும் சேந்து வெளிய போக முடியாது. பக்கத்துத் தோட்டத்துல யாராவது மருந்தடிச்சா நமக்கு வயித்தைக் கலக்கும், காத்துல வர்ற மருந்து பட்ட தழையைத் தின்னாலே புழு செத்துடும். பொண்ணு கோயமுத்தூர்ல பட்டம் வாங்குன அன்னிக்குப் புழு அஞ்சாம் பருவத்துல இருந்துச்சு. வீட்டுக்காரம்மா மட்டும் போனாங்க. நான் தழை வெட்டிட்டு இருந்தேன். பொண்ணு அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா நான் மறக்கலை.

இப்ப அவ டோக்கியோவுல ஒரு ஐ.டி. கம்பெனியில இருக்கா. மாப்பிள்ளையும் அங்கதான். நம்ம ஆளுங்க நிறையப் பேர் இருக்கிற நிஷிகசாய்ங்கற இடத்துல வீடு. சித்திரை வெயில்ல புழு வளர்க்கறது எப்படியும் சிரமம்னு ஒரு பேட்ச்சை விட்டுட்டுக் கிளம்பினோம். கோயமுத்தூர்ல ஏறி, சிங்கப்பூர்ல மாறிப் போனோம். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா அத்தனை நாள் தோட்டத்தை விட்டு வெளிய இருந்தது அதுதான் முதல் தடவை.

மூணாவது நாள் ஷின்ஜுகுங்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உலகத்துலயே ஜனம் அதிகமாப் போய் வர்ற ரயில் நிலையம் அதுதானாம். வெளிய வர்றதுக்கே 200 வழிக்கு மேல இருக்குதுன்னு மாப்பிள்ளை சொன்னாரு. மேற்குப் பக்கம் வெளிய வந்ததும் வீட்டுக்காரம்மா என் கையைப் புடிச்சு நிறுத்திட்டாங்க.

"ஏனுங்க, அங்க பாருங்க. நம்ம கூடு!"

பொண்ணு சிரிச்சா. "அதுக்குத்தானுங்கம்மா இங்க கூட்டிட்டு வந்தேன். அதோட பேரே கூடுதான். கக்கூன் டவர்."

மத்தக் கட்டடம் எல்லாம் தீப்பெட்டியை நிறுத்தி வெச்ச மாதிரி சதுரஞ்சதுரமா நிக்க, நடுவுல இது மட்டும் கீழ சிறுத்து, இடுப்புல பருத்து, உச்சியில மறுபடி சிறுத்து நிக்குது. கருநீலக் கண்ணாடி. அது மேல வெள்ளை வெளேர்னு பட்டை பட்டையாக் குறுக்கும் மறுக்கும் கோடு, நூல் சுத்துன மாதிரி. 204 மீட்டர் உசரம். எங்க தோட்டத்துத் தென்னையை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சா பத்துப் பதினொண்ணு வேணும். தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்துக்கு மூணு மடங்கு.

எங்க அப்பாரு அந்தக் காலத்துல மெட்ராஸ் போய் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்துட்டு வந்து, சாகற வரைக்கும் அந்தக் கதையைச் சொல்லுவாரு. 1959-ல திறந்தது அது. மாடி எண்ணறதுக்குள்ள தலையில இருந்த துண்டு கீழ விழுந்துடுச்சும்பாரு. அது 177 அடிதான். இங்க நானும் மாடி எண்ணப் பார்த்தேன். கோடெல்லாம் சாய்வா ஓடறதால எந்த மாடி எங்க முடியுதுன்னே தெரியலை. பத்துக்கு மேல விட்டுட்டேன்.

பொண்ணு ஃபோன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னா. மோட் காக்குவென்ங்கற கல்வி நிறுவனத்தோட கட்டடம் அது. 2008 அக்டோபர்ல கட்டி முடிச்சிருக்காங்க. துணி வடிவமைப்பு, கம்ப்யூட்டர், மருத்துவம் சார்ந்த படிப்புன்னு மூணு பள்ளி ஒரே கட்டடத்துக்குள்ள. பத்தாயிரம் பேர் வரைக்கும் படிக்கலாம். கட்டறதுக்கு முன்னாடி போட்டி வெச்சப்ப ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்களாம்: கட்டடம் செவ்வகமா இருக்கக் கூடாது. அம்பது கட்டடக் கலைஞர்கள் கிட்ட இருந்து 150 வரைபடத்துக்கு மேல வந்துச்சாம். ஜெயிச்சது டாங்கே அசோசியேட்ஸ்ங்கற நிறுவனத்தோட இந்தக் கூடு. உள்ள இருந்து வளர்ந்து, உருமாறி, வெளிய பறந்து போகணும்ங்கற அர்த்தத்துல இந்த வடிவமாம்.

உள்ள எப்படின்னா, நடு மையத்துல லிஃப்ட்டும் படிக்கட்டும். அதைச் சுத்தி மூணு பக்கமா வகுப்பறைகள். ஒவ்வொரு வகுப்பறைக்கு இடையிலயும் மாணவர்கள் உக்காந்து பேச மூணு மாடி உசரத்துக்கு ஒரு கூடம். நிலத்துல இடமில்லாத ஊர்ல பள்ளிக்கூட மைதானத்தை மேல மேல அடுக்கி வெச்ச மாதிரி.

இதைக் கேட்டதும் எனக்கு நினைப்புக்கு வந்தது ஜப்பான்காரங்க கண்டுபிடிச்ச சுழல் சந்திரிகை. பழுத்த புழு கூடு கட்டறதுக்கு நாம விடற தட்டிதான் சந்திரிகை. நம்ம பக்கம் மூங்கில்ல இருந்துச்சு, இப்ப பிளாஸ்டிக் வலை. ஜப்பான்ல அட்டையில சின்னச் சின்னக் கட்டமாச் செஞ்சு, ஒரு சட்டத்துல மாட்டித் தொங்க விட்டாங்க. பழுத்த புழுவுக்கு மேல ஏறற குணம். எல்லாம் மேல ஏறுனா அந்தப் பக்கம் கனம் கூடி, சட்டம் தானாச் சுத்தி, மேல் பக்கம் கீழ வந்துடும். மறுபடி ஏறும், மறுபடி சுத்தும். இப்படியே ஒரு கட்டத்துக்கு ஒரு புழுன்னு இடம் புடிச்சுக்கும். கரண்ட்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். புழுவோட குணத்தை வெச்சே செஞ்ச மிஷின். பயிற்சியில அதைப் பார்த்தப்ப, இவிங்க புழுவை எவ்வளவு நாள் உக்காந்து கவனிச்சிருக்கணும்னு நினைச்சேன். கட்டத்துக்கு ஒரு பிள்ளையா உக்கார வெச்சுப் படிக்க வைக்கிற இந்தக் கட்டடத்துக்குக் கீழ நிக்கறப்பவும் அதேதான் தோணுச்சு.

உள்ள போய்ப் பாக்கலாமான்னு கேட்டேன். படிக்கிறவங்களைத் தவிர யாரும் மேல போக முடியாது. வாசல்ல இருந்தவரு இடுப்பு வரைக்கும் குனிஞ்சு கும்பிட்டு, முடியாதுன்னு சொன்னாரு. அவ்வளவு மரியாதையா யாரும் என்னைத் திருப்பி அனுப்பினதில்லை. கீழ்த்தளத்துல பெரிய புத்தகக் கடை ஒண்ணு இருக்குது, அங்க மட்டும் சுத்திட்டு வந்தோம்.

பக்கத்துலயே டோக்கியோ மாநகர அரசுக் கட்டடம். அதோட 45-வது மாடியில நின்னு ஊரைப் பாக்கலாம், காசு கெடையாது. அதை வடிவமைச்சவரு கென்சோ டாங்கே. அவரு மகன் பால் டாங்கே தலைமையில இருக்கிற நிறுவனம்தான் கூட்டுக் கட்டடத்தைக் கட்டுனது. அப்பா கட்டுன கட்டடத்துல ஏறி நின்னு மகன் கட்டுனதைப் பாத்தோம். அப்பாவோடது கோயில் மாதிரி ரெட்டைக் கோபுரம், கெத்தா நிக்குது. மகனோடது வளைஞ்சு நெளிஞ்சு நிக்குது. ஒரே தொழில், ஒரே ஊரு, ஆனா அப்பா போட்ட கோட்டை மகன் திருப்பிப் போடலை.

பொழுது எறங்கற நேரம். ஒவ்வொரு மாடியா விளக்கு எரிய ஆரம்பிச்சுது. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னாடி உள்ள இருக்கிற வெளிச்சம் தெரியுது. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, இது கட்டி முடிச்ச கூடு இல்லை, முதல் நாள் கூடு. புழு நூல் விட ஆரம்பிச்ச அன்னிக்குக் கூடு வலை மாதிரிதான் இருக்கும். உள்ள புழு தலையை எட்டுப் போடற மாதிரி ஆட்டி ஆட்டி நூல் சுத்தறது நமக்கு நல்லாத் தெரியும். அடுத்த நாள் மூடிக்கும். அப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டடக்காரங்க அந்த ஒரு நாளைப் புடிச்சு நிறுத்திட்டாங்க. வீட்டுக்காரம்மா கிட்டச் சொன்னேன். அவிங்க அதுக்கு முன்னாலயே கண்டுபிடிச்சிருந்தாங்க.

எனக்கு இதுல இன்னொரு கணக்கும் உண்டு. நாங்க முதல்ல எடுத்தது மஞ்சக் கூடு. அப்புறம்தான் பைவோல்டின்னு சொல்ற வெள்ளைக் கூட்டுக்கு மாறுனோம். மஞ்சக் கூட்டை விட நூல் நீளம், நயம், விலையும் கூட. ஒரு கூட்டுல ஆயிரம் மீட்டர் நூல் அறுபடாம வரும். நம்ம வெயிலுக்கு அந்த வெள்ளை ரகம் தாங்காதுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க. 1991-ல இருந்து ஜப்பான் அரசோட ஜைக்காவும் நம்ம மத்தியப் பட்டு வாரியமும் சேந்து மைசூர் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்துத்தான் நம்ம ஊருக்குத் தாங்கற ரகம் வந்துச்சு. சி.எஸ்.ஆர்.2, சி.எஸ்.ஆர்.4 எல்லாம் அங்க வந்ததுதான். தண்டோட தழை போடற முறை, மனையைச் சுத்தம் பண்ற முறை எல்லாம் அந்தத் திட்டத்தோடதான் எங்க பக்கம் பரவுச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் சேந்துக்கிச்சு. இன்னிக்கு உடுமலைப் பக்கம் வெள்ளைக் கூடு எடுக்கற எங்களுக்கு எல்லாம் ஜப்பான் ஒரு வகையில வாத்தியார்.

அந்த வாத்தியார் ஊர்ல இப்ப எத்தனை பேரு புழு வளர்க்கறாங்கன்னு பொண்ணு கிட்டக் கேட்டேன். தேடிப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. 1929-ல ஜப்பான்ல 22 லட்சம் விவசாயக் குடும்பம் புழு வளர்த்திருக்குது. அஞ்சு விவசாயியில ரெண்டு பேருன்னு கணக்கு. இப்ப நாடு பூராவும் சேர்த்து இருநூறு குடும்பம் கூட இல்லை. நைலான் வந்தது ஒண்ணு, போர் வந்தது ஒண்ணு, அப்புறம் பிள்ளைங்க எல்லாம் பட்டணத்துக்கு வேலைக்குப் போனது ஒண்ணு. கூடு இல்லாத ஊர்ல அம்பது மாடிக்குக் கூடு கட்டி வெச்சிருக்காங்க. உள்ள பத்தாயிரம் பிள்ளைங்க, புழு வளர்க்கறதைத் தவிர மத்ததெல்லாம் படிக்கறாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை நானே கேட்டு டோமியோகா போனோம். அதுக்குத்தான் புல்லட் ரயில். தகசாகி வரைக்கும் அதுல போய், அங்கிருந்து சின்ன ரயில். 1872-ல ஜப்பான் அரசு பிரான்ஸ்காரங்க உதவியோட கட்டுன பட்டு நூற்பாலை அங்க இருக்குது. 1987-ல மூடிட்டாங்க. 2014-ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. நீளமான செங்கல் கட்டடம். உள்ள கடைசியா ஓடுன நூற்பு மிஷின் எல்லாம் வரிசையா அப்படியே நிக்குது. கார் செய்யற நிசான் கம்பெனி செஞ்ச மிஷின். துடைச்சுச் சுத்தமா வெச்சிருக்காங்க. ஓடலை, அவ்வளவுதான்.

அங்க சுத்திக் காட்டற பெரியவர் ஒருத்தர். எழுபது தாண்டியிருக்கும். நான் புழு வளர்க்கிறவன்னு பொண்ணு சொன்னதும் கூட்டத்தை விட்டுட்டு என் பக்கம் வந்துட்டாரு. அவரு சின்னப் பையனா இருந்தப்ப அவங்க வீட்டு மாடி பூராவும் புழுதானாம். கீழ இவங்க படுத்துக்குவாங்களாம். ராத்திரி மேல இருந்து சத்தம் கேக்கும்னு சொல்லி, விரலை மேல இருந்து கீழ ஆட்டிக் காட்டுனாரு. பொண்ணு மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடியே நான் "மழை"ன்னு சொல்லிட்டேன்.

அந்தப் பக்கம் புழுவை வெறும் புழுன்னு சொல்ல மாட்டாங்களாம். 'ஒகைகோ சாமா'ன்னு, பெரியவங்களைச் சொல்ற மாதிரி மரியாதை கூட்டிச் சொல்லுவாங்களாம். நாம எல்லாத்துக்கும் 'ங்க' போடற மாதிரின்னு வெச்சுக்கங்க. நான் ஃபோன்ல எங்க புழு மனை வீடியோவைக் காட்டுனேன். அஞ்சாம் பருவத்துப் புழு தழை திங்கிறது. அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, ஃபோனைக் காது கிட்ட வெச்சுக் கேட்டாரு. ரொம்ப நேரம் கேட்டாரு. அப்புறம் ஃபோனைத் திருப்பிக் குடுத்துட்டுக் கேட்டாரு:

"உங்களுக்கு அப்புறம் யாரு?"

அதை மொழிபெயர்த்துச் சொன்னது என் பொண்ணுதான். சொல்லிட்டு அவ என் முகத்தைப் பார்க்கலை. நான் சிரிச்சு வெச்சேன். அந்தப் பெரியவரும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு, அடுத்த மிஷினைக் காட்டப் போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி சாப்புட்டதுக்கு அப்புறம் பொண்ணு மெதுவா ஆரம்பிச்சா. "அப்பா, புழு போதுமுங்கப்பா. அம்மாவுக்கு முழங்கால் வலி. உங்களுக்கும் ஆகுது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நிம்மதியா இருங்களேன்." இது அவ மனசுல ரொம்ப நாளா இருந்திருக்கும்.

எனக்குக் கோவம் வரும்னு அவ பயந்திருப்பா. வரலைங்க. எனக்கு வேற ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு. எங்க தொழில்ல ஒரு சங்கடம் உண்டு. கூட்டை அப்படியே விட்டா பத்துப் பன்னெண்டு நாள்ல உள்ள இருக்கிறது பூச்சியாகி, கூட்டை நனைச்சு இளக்கி, ஓட்டை போட்டு வெளிய வந்துடும். ஓட்டை விழுந்த கூட்டுல நூல் அறுந்து போயிரும். மார்க்கெட்ல அதுக்கு விலை கிடையாது. அதனால பூச்சி வெளிய வர்றதுக்கு முன்னாடியே நூற்பாளர் கூட்டைச் சூடு காட்டிக் காய வெச்சிடுவாங்க. அறுபடாத நூல் வேணும்னா பூச்சி பறக்கக் கூடாது. பூச்சி பறக்கணும்னா நூல் அறுபட்டே ஆகணும். ரெண்டும் ஒண்ணாக் கிடைக்காது.

ஷின்ஜுகுல அந்தக் கட்டடத்தைக் கட்டுனவங்க பூச்சி பறக்கணும்னு கட்டியிருக்காங்க. நான் இருபது வருசமா நூலுக்காகக் கூடு எடுத்தவன். ஆனா பொண்ணு விசயத்துல நானும் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க பக்கம்தான் நின்னிருக்கேன். அவ காலேஜ் ஃபீஸ் எந்த எந்த பேட்ச் கூட்டுக் காசுன்னு இன்னிக்கும் என்னால சொல்ல முடியும். பறக்க வெச்சுட்டு, நூல் அறுந்துடுச்சேன்னு ஏங்குனா அது நியாயம் இல்லை.

"உனக்காக நான் இதைப் பண்ணலை அம்மணி, நீ வந்து எடுத்து நடத்தணும்னும் நினைக்கலை"ன்னேன். "ஆனா எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். முடியற வரைக்கும் பண்றேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ பட்டம் வாங்குன அன்னிக்கு நான் வந்திருக்கணும்"னும் சொன்னேன். அவ, "அதெல்லாம் எதுக்குங்கப்பா இப்ப"ன்னுட்டு எந்திரிச்சுப் போய் பாத்திரம் கழுவுனா. குழாய்த் தண்ணி ரொம்ப நேரம் ஓடிட்டு இருந்துச்சு.

ஊருக்கு வந்து ஒரு முடிவு பண்ணுனோம். இனிமே பேட்ச்சுக்கு 200 முட்டை இல்லை, 100தான். ஒரு ஏக்கர் மல்பெரியை மட்டும் வெச்சுக்கிட்டு, மீதியைப் பக்கத்து ஊர்ல புதுசாப் புழு வளர்க்க ஆரம்பிச்சிருக்கிற பையன் ஒருத்தனுக்குத் தழைக்காக விட்டாச்சு. அவன் எஞ்சினியரிங் படிச்சவன், வேலையை விட்டுட்டு வந்தவன். ஒரு கூடு பூச்சி அந்தப் பக்கம் பறந்தா, ஒண்ணு இந்தப் பக்கம் வருது போல. வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து சந்தேகம் கேட்டுட்டுப் போறான். எனக்கு அப்புறம் யாருன்னு கேட்ட அந்தப் பெரியவருக்கு இதைச் சொல்லலாம்னா, அவரு பேரு கூட நான் கேட்டுக்கலை.

நேத்து எங்க 100 முட்டையும் சந்திரிகை ஏறிடுச்சு. ராத்திரி எட்டு மணிக்குப் பொண்ணு வீடியோ கால் பண்ணுனா. அங்க அப்ப மணி பதினொண்ணரை. "அப்பா, முதல் நாள் கூடு காட்டுங்க"ன்னா. டார்ச் அடிச்சுக் காட்டுனேன். வலைக்குள்ள புழு தலையை ஆட்டி ஆட்டிச் சுத்திட்டு இருந்துச்சு. பேச்சில்லாம அவ பாத்துட்டு இருந்தா. டார்ச் புடிச்ச கை வலிச்சுது, இருந்தாலும் நான் எடுக்கலை.